சுற்றுலாப் படிப்பும் எங்கள் கடற்கரையும்

சுற்றுலா படித்தால் ஹோட்டல் வரவேற்பறையில் நிற்க மட்டும்தான் முடியும் என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். நான் ராமேஸ்வரத்துக்குப் பக்கத்தில் உள்ள மண்டபம் ஊர்க்காரன், சுற்றுலா மேலாண்மையில் முதுகலை முடித்தவன். இதை என்னால் ஏற்க முடியவில்லை.

மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள், 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. எத்தனை படகு விடலாம், எங்கே நங்கூரம் போட்டால் பவளப்பாறை உடையாது என்பதெல்லாம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். ஓர் இடம் எவ்வளவு கூட்டம் தாங்கும் என்று எங்களுக்கு ஒரு பாடம் உண்டு. வகுப்பில் மனப்பாடம் செய்தேன். புரிந்தது தனுஷ்கோடியில், ஒரு மே மாத ஞாயிற்றுக்கிழமை. சாலை முடியும் அரிச்சல்முனை வரை வேன்கள் வரிசை. 1964 புயலில் சிதைந்த தேவாலயச் சுவரில் ஒரு பையன் சாவியால் பெயர் கீறிக்கொண்டிருந்தான். சங்கு விற்கும் அம்மா, "தம்பி, அது கோயிலுப்பா" என்று கெஞ்சினார். அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

இதற்கு மாறாக, எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்துக் காரங்காடு கிராமத்தில் வனத்துறை ஊர் மக்களோடு சேர்ந்து, கடலோரச் சேற்றில் வளரும் அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறது. சேற்றுக்கு மேலே நீட்டி நிற்கும் வேர்கள் எப்படி மூச்சு விடுகின்றன என்று அங்கே கேட்டுப் பாருங்கள், அது தனிப் பாடம்.

பாடத்திட்டத்தில் குறை இல்லாமல் இல்லை. விமான டிக்கெட் போட ஒரு பருவம் முழுக்கச் சொல்லித்தந்தார்கள், ஒருநாள்கூடப் படகில் ஏற்றவில்லை.

அப்புறம், சேரப்போகிற தம்பி தங்கைகள் கொஞ்சம் இந்தியும் பழகுங்கள். ராமேஸ்வரத்தில் 22 தீர்த்தமும் ஆடிவிட்டு ஈரச்சேலையோடு நிற்கும் வடநாட்டுப் பாட்டிக்கு, உடை மாற்ற இடம் எங்கே என்று அவர் மொழியில் சொல்ல ஆள் வேண்டும்.