வீடு தேடி வரும் சீட்டு

ப்ளஸ் டூ ரிசல்ட் வருவதற்கு முன்பே கிருஷ்ணகிரி மாவட்டத்து எங்கள் காவேரிப்பட்டணம் பக்கம், தனியார் கல்லூரிகளுக்குப் பிள்ளை பிடிக்கிற ஏஜெண்டுகளின் பைக்குகள் சுற்ற ஆரம்பித்துவிடும். தோளில் ஒரு பை, பைக்குள் வழவழ தாளில் அச்சடித்த கல்லூரிப் புத்தகம், சட்டைப் பையில் ரசீதுக் கட்டு. எந்த ஊரில் யார் வீட்டுப் பிள்ளை பரீட்சை எழுதியிருக்கிறது, அப்பாவின் போன் நம்பர் என்ன, எல்லாம் கையில் வைத்திருப்பார்கள். எப்படிக் கிடைத்தது என்று கேட்டால் சிரிப்புதான் பதில். நான் பஸ் ஸ்டாண்டு பக்கம் பிரவுசிங் சென்டர் நடத்துகிறேன். அப்ளிகேஷன் போட வருகிற பிள்ளைகள் எல்லாம் என் கடையில்தான் உட்கார்கிறார்கள் என்பதால், "அண்ணா, ஒரு அட்மிஷன் அனுப்பினால் உங்களுக்கு இவ்வளவு" என்று என்னிடமே பேரம் பேசிய ஆட்கள் உண்டு. ஆகவே இந்தப் பதிவு சிலருக்குக் கசக்கும். பரவாயில்லை.

வீடு தேடி வருகிற கல்லூரி சீட்டு உங்கள் பிள்ளையின் நன்மைக்காக வருவதில்லை. அது நிரம்பாத இடம். தானாக நிரம்புகிற கல்லூரிக்கு ஆள் வைத்துப் பிள்ளை பிடிக்க வேண்டிய தேவை என்ன? பர்கூர் அரசு பொறியியல் கல்லூரியிலிருந்தோ, செட்டிக்கரையில் இருக்கிற தர்மபுரி அரசு பொறியியல் கல்லூரியிலிருந்தோ, கிருஷ்ணகிரி மகளிர் கலைக் கல்லூரியிலிருந்தோ யாராவது வந்து உங்கள் திண்ணையில் காபி குடித்திருக்கிறார்களா?

நம்ம ஊர்க்காரர்கள் விவரம் இல்லாதவர்கள் கிடையாது. ஒரு மாந்தோப்பைக் குத்தகைக்குப் பேசுவதென்றால் பூவெடுக்கும்போது ஒரு தரம், பிஞ்சில் ஒரு தரம் போய்ப் பார்ப்பார்கள். தண்ணீர் எப்படி, போன வருஷம் எவ்வளவு காய் இறங்கியது என்று பக்கத்துத் தோட்டக்காரரிடம் நைசாக விசாரிப்பார்கள். அதே மனிதர் மகளின் நான்கு வருஷப் படிப்பை, வாசலில் நின்று ஒருவர் பேசிய இருபது நிமிஷப் பேச்சை நம்பி முடித்துவிடுகிறார். கேட்டால், "பஸ் வீட்டு வாசலுக்கே வருதாம் தம்பி" என்கிறார்.

போன வருஷம் நடந்ததைச் சொல்கிறேன். பாலக்கோடு ரோட்டில் இருக்கும் ஒரு கிராமத்துப் பெண். அரசுப் பள்ளியில் படித்து நல்ல கட்-ஆஃப் எடுத்தது. ரிசல்ட் வந்த வாரமே ஓர் ஆள் வீட்டுக்கு வந்து, "இடம் போயிடும்மா, இப்பவே போட்டு வைங்க" என்று ஐயாயிரம் ரூபாய் அட்வான்ஸ் வாங்கியிருக்கிறார். ரசீது கொடுத்தார். கூடவே டிசியையும் மார்க் ஷீட்டையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். மார்க் வரிசைப்படி அரசு இடம் ஒதுக்குகிற கவுன்சிலிங்குக்குச் சான்றிதழ் ஏற்றும் நேரத்தில்தான் அந்தப் பெண்ணும் அம்மாவும் என் கடையில் வந்து நின்றார்கள், கையில் ஒரு மங்கிய ஜெராக்ஸோடு. ஒரிஜினல் எங்கே என்றால், "காலேஜ்ல இருக்குங்க அண்ணா." போன் போட்டால் முழு வருஷக் கட்டணத்தையும் கட்டினால்தான் தருவோம் என்கிறார்கள். அந்த அம்மா கம்மலை அடகு வைக்கத் தயாராகிவிட்டார். கடைசியில் பள்ளித் தலைமையாசிரியர் நேராகப் போய்ச் சத்தம் போட்ட பிறகுதான் சான்றிதழ் வந்தது. அட்வான்ஸ் வரவில்லை.

இதில் ஒன்றை எல்லாரும் தெரிந்துகொள்ளுங்கள். மாணவர்களின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது, சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிட வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2018இலேயே அறிவித்திருக்கிறது. தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தருகிற ஏஐசிடிஇயும் அதையேதான் சொல்கிறது. ஒரிஜினலைக் கேட்கிறவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், முகம் மாறும். யாருக்கும் ஒரிஜினல் கொடுக்காதீர்கள். சேருவதென்று முடிவான பிறகு, கல்லூரி அலுவலகத்தில், எழுதிக் கொடுத்த ஒப்புகைக்குத்தான் கொடுக்க வேண்டும்.

அப்புறம் பணம். முதல் பட்டதாரி என்று சான்றிதழ் வைத்திருக்கிற பிள்ளைக்குப் பொறியியலில் கல்விக் கட்டணச் சலுகை உண்டு, ஆனால் அது ஒற்றைச் சாளரக் கவுன்சிலிங் வழியாகச் சேர்ந்தால்தான். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு 2021 முதல் பொறியியலில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. இதுவும் கவுன்சிலிங் வழிதான். ஏஜெண்ட் கொண்டுவருவது மேனேஜ்மெண்ட் கோட்டா, அதாவது கல்லூரி நிர்வாகமே நிரப்புகிற இடம். அதில் சேர்ந்துவிட்டால் இவை இரண்டும் போய்விடும். இதை எந்த ஏஜெண்டும் சொல்ல மாட்டார். "ஸ்காலர்ஷிப் நாங்க வாங்கித் தர்றோம்" என்று மட்டும் பொதுவாகச் சொல்வார். எந்த ஸ்காலர்ஷிப், எந்தத் துறை தருகிறது, கல்லூரி லெட்டர் பேடில் எழுதிக் கொடுங்கள் என்று கேளுங்கள். பேச்சு வேறு பக்கம் போய்விடும்.

சரி, கவுன்சிலிங்குக்கு வருவோம். என் கடையில் நான் அதிகம் தொண்டை வறளப் பேசுவது சாய்ஸ் ஃபில்லிங் பற்றித்தான். கணக்கில் நூறு, இயற்பியலில் ஐம்பது, வேதியியலில் ஐம்பது என்று 200க்குக் கட்-ஆஃப் போட்டு ரேங்க் வரும், உங்கள் ரவுண்டு வந்ததும் கல்லூரிகளை வரிசையாகப் போட வேண்டும் என்பது வரை எல்லாருக்கும் தெரிகிறது. வரிசையில்தான் கோட்டை விடுகிறார்கள். "நம்ம மார்க்குக்கு அது எங்க கெடைக்கும், கெடைக்கறத முதல்ல போடுங்கண்ணா" என்பார்கள். அப்படி இல்லை. உங்கள் முறை வரும்போது கம்ப்யூட்டர் உங்கள் பட்டியலை மேலிருந்து கீழே படிக்கும். முதலில் எது காலியாக இருக்கிறதோ அதைக் கொடுத்துவிட்டு நிறுத்திக்கொள்ளும். கிடைக்காததை மேலே போட்டால் அது அதைத் தாண்டி அடுத்ததற்குப் போகுமே தவிர, உங்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் சுமாரான கல்லூரியை முதலில் போட்டுவிட்டால் அதையே கொடுத்துவிடும், கீழே நல்ல கல்லூரியில் இடம் கிடந்தாலும் எட்டிப் பார்க்காது. ஆசைப்படுகிற வரிசையிலேயே போடுங்கள். தாராளமாக, நிறையவும் போடுங்கள். பத்துப் பன்னிரண்டு மட்டும் போட்டுவிட்டு எதுவுமே கிடைக்காமல் நிற்கிற பிள்ளைகளை ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறேன்.

பெயரைப் பார்த்துப் போடாதீர்கள், நான்கு இலக்கக் கல்லூரிக் குறியீட்டைப் பாருங்கள். ஒரே டிரஸ்டு, ஒரே காம்பவுண்டு, உள்ளே இரண்டு கல்லூரி இருக்கும். ஒன்று பல வருஷமாக நடப்பது, மற்றொன்று நேற்று ஆரம்பித்தது. பெயரில் ஒரு வார்த்தைதான் வித்தியாசம். ஒதுக்கீடு வந்த பிறகு குறித்த நாளுக்குள் உறுதி செய்யாவிட்டால் அந்த இடம் போய்விடும். கிடைத்ததை வைத்துக்கொண்டு மேலே உள்ளதற்குக் காத்திருக்கவும் வழி இருக்கிறது. மொபைலுக்கு ஓடிபி வரும். அந்த மொபைல் பெங்களூருவில் வேலை பார்க்கிற அண்ணனிடம் இருக்கும், அண்ணன் நைட் ஷிப்டில் இருப்பான். தயவுசெய்து வீட்டில் இருக்கிற நம்பரைக் கொடுங்கள்.

எந்தக் கல்லூரி நல்லது என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் பெயர் சொல்வதில்லை. பார்க்கும் வழியைச் சொல்கிறேன். அண்ணா பல்கலைக்கழகம் தன்னோடு இணைந்த கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை செமஸ்டர் வாரியாகத் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. அதில் நூற்றுக்கு இருபது பேர்கூடப் பாஸாகாத கல்லூரி ஹைவேயில் பெரிய ஆர்ச் கட்டி வைத்திருக்கும். ஒரு எச்சரிக்கை: தன்னாட்சிக் கல்லூரிகள் கேள்வித்தாளைத் தாங்களே போட்டுத் தாங்களே திருத்துகின்றன. அவற்றின் தேர்ச்சி விகிதத்தை மற்றவற்றோடு நேராக ஒப்பிடாதீர்கள். 'நாக்' என்பது மொத்தக் கல்லூரிக்குக் கொடுக்கும் தரம். என்பிஏ என்பது அந்தந்தப் படிப்புக்குக் கொடுப்பது. மெக்கானிக்கலுக்கு வாங்கிய என்பிஏவை போர்டில் பெரிதாகப் போட்டு, நேற்று ஆரம்பித்த ஏஐ படிப்புக்கு ஆள் சேர்ப்பார்கள். எந்தப் பாடத்துக்கு, எந்த வருஷம் வரை என்று கேளுங்கள்.

பிளேஸ்மெண்ட் பேனரை நம்பவே நம்பாதீர்கள். ஒரே பையனுக்கு மூன்று கம்பெனியில் ஆஃபர் வந்தால் அது மூன்று வேலை என்று எண்ணப்படும். அதை விட்டுவிட்டு, வேலை நாளில் ஒரு தடவை அங்கே போங்கள். ஆபீஸுக்குப் போக வேண்டாம். கேட்டுக்கு வெளியே டீக்கடையில் மூன்றாம் வருஷப் பையன்கள் நிற்பார்கள். கிளாஸ் ஒழுங்காக நடக்குதா தம்பி, லேபில் மிஷின் ஓடுதா, வாத்தியார் வருஷத்துக்கு வருஷம் மாறுகிறாரா, அரியர் எத்தனை பேருக்கு என்று கேளுங்கள். அந்த வயசுப் பையன்களுக்கு மறைக்கத் தெரியாது, கொட்டிவிடுவார்கள். பெண் பிள்ளை என்றால் அம்மா போய் ஹாஸ்டலில் இருக்கிற பிள்ளைகளிடம் பேச வேண்டும், சாப்பாடு பற்றி, தண்ணீர் பற்றி, உடம்பு சரியில்லை என்றால் யார் பார்க்கிறார்கள் என்று.

நர்சிங், பாராமெடிக்கல் விஷயத்தில் இன்னும் கண்டிப்பாக இருங்கள். மாடியில் இரண்டு அறை எடுத்து, வெள்ளைக் கோட்டு மாட்டிவிட்டு, ஒரு வருஷத்தில் நர்ஸ் ஆக்குகிறோம் என்கிற இடங்கள் நம் கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டத்திலும் இருக்கின்றன. நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்ய முடியாத சான்றிதழை வைத்துக்கொண்டு நர்ஸாக வேலை பார்க்க முடியாது. தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங் என்றால் எம்ஜிஆர் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பு இருக்கிறதா, பெங்களூரு என்றால் ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தின் பட்டியலில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பெட்டியைக் கட்ட வேண்டும். பெங்களூரு பக்கம்தானே என்று அனுப்பிவிட்டு, கல்லூரியின் அட்ரஸே தெரியாத அப்பாக்கள் உண்டு.

அரசு கலைக் கல்லூரியை இளக்காரமாகப் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். தர்மபுரி, கிருஷ்ணகிரி அரசு கலைக் கல்லூரிகள் 1960களிலிருந்து இருக்கின்றன. நம் தாலுகா ஆபீஸிலும் பள்ளிக்கூடங்களிலும் உட்கார்ந்திருக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் அங்கே படித்தவர்களாக இருப்பார்கள். கட்டணம் குறைவு, பஸ் பாஸ் இலவசம். அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் ஆயிரம் ரூபாய் அவர்கள் கணக்கிலேயே விழுகிறது. பீஸுக்கென்று வைத்திருந்த பணத்தில் மூன்று வருஷமும் போட்டித் தேர்வுக்குப் படிக்க வைக்கலாம். தர்மபுரியில் 2017லிருந்து அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. ஓசூர் மத்திகிரியில் கோழியின உற்பத்தி பற்றி மட்டுமே படிக்க கால்நடைப் பல்கலைக்கழகத்தின் கல்லூரி ஒன்று இருக்கிறது. கடைக்கு வருகிற பிள்ளைகளில் பலர் இந்தப் பெயரையே கேள்விப்பட்டதில்லை. எல்லாருக்கும் தெரிந்தது ஒன்று, கம்ப்யூட்டர் சயின்ஸ்.

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஆள் எடுக்கிறார்கள், ஹாஸ்டலும் சம்பளமும் தருகிறார்கள் என்று ப்ளஸ் டூவோடு பிள்ளைகளை, முக்கியமாகப் பெண் பிள்ளைகளை, அனுப்பிவிடுகிற வழக்கம் இப்போது கூடியிருக்கிறது. வீட்டுக் கஷ்டம் தெரியாமல் நான் பேசவில்லை. ஆனால் அதே கம்பெனியில் டிப்ளமோ முடித்து உள்ளே போகிறவருக்கும் ப்ளஸ் டூவோடு போகிறவருக்கும் லைனில் நிற்கும் இடம் வேறு, ஏறுகிற படி வேறு. பத்தாவது முடித்த பையனைக் கிருஷ்ணகிரி அரசு பாலிடெக்னிக்கில் போடுங்கள். பிறகு வசதிப்பட்டால் பி.இ. இரண்டாம் வருஷத்திலேயே நேராகச் சேரலாம்.

இப்போது கையில் செய்ய வேண்டியது. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரி சான்றிதழ் மூன்றையும் இந்த மாதமே இ-சேவையில் போட்டுவிடுங்கள். மே மாதம் போட்டால் எல்லார் மனுவும் ஒரே விஏஓ, ஒரே ஆர்ஐ மேஜையில் போய்க் குவியும். பள்ளிச் சான்றிதழில் இருக்கிற பெயரும் இன்ஷியலும் ஆதாரில் இருப்பதும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். 'ர்' ஒன்று விட்டுப் போனாலும் அலைய வேண்டியிருக்கும். பாஸ்வேர்டை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், காலண்டரில் வேண்டாம். கடைசி நாள் ராத்திரி பத்து மணிக்கு வந்து ஷட்டரைத் தட்டாதீர்கள். நான் திறந்துவிடுவேன், சர்வர் திறக்காது.