திட்டம் எடைச்சீட்டில் தெரிய வேண்டும்

மீனவர் உற்பத்தியாளர் கம்பெனிகளுக்கு, அதாவது மீனவர்களே பங்குதாரர்களாகச் சேர்ந்து நடத்தும் கம்பெனிகளுக்கு, கணக்குப் பார்ப்பதும் ஆண்டுத் திட்டம் எழுத உதவுவதும் என் வேலை. ராமநாதபுரம் மாவட்டக் கரையில் மண்டபத்திலிருந்து தொண்டி வரை நான் பார்க்கிற அறிக்கைகளில் தொலைநோக்கு இருக்கிறது, ஐந்தாண்டு விற்றுமுதல் இருக்கிறது, எந்த நாட்டுக்கு ஏற்றுமதி என்பது வரைக்கும் இருக்கிறது. நாளைக் காலையில் கரையில் யார் எதை மாற்றிச் செய்யப் போகிறார், அப்படிச் செய்தால் அவர் கைக்கு வரும் காசு கூடுமா குறையுமா என்பது மட்டும் இருப்பதில்லை. அது இல்லாத தாளை நான் திட்டம் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன்.

எல்லோருக்கும் தெரிந்த ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 2017 ஜூலையில் பிரதமர் ராமேஸ்வரம் வந்தபோது தொடங்கிவைத்த ஆழ்கடல் படகுத் திட்டம். பாக் நீரிணையில் இழுவைமடி வலை போடுவதை விட்டுவிட்டு ஆழ்கடலில் சூரை மீன் (டூனா) பிடிக்கப் போக வேண்டும், அதற்கு மூன்று வருடத்தில் 2,000 படகு. ஒரு படகுக்கு 80 லட்சம் என்று கணக்கு. அதில் பாதி மத்திய அரசு, 20 சதவீதம் மாநில அரசு, 20 சதவீதம் வங்கிக் கடன், மீனவர் போட வேண்டியது 10 சதவீதம். கடலடித் தரையையே வழித்துக்கொண்டு வருகிற மடியை விட வேண்டும் என்ற முடிவு சரியானது, இன்றைக்கும் அதைச் சரி என்றுதான் சொல்வேன். ஆனால் அந்த 2,000 என்ற எண்ணின் பக்கத்தில்கூட நாம் போகவில்லை.

ஏன் என்று கேட்டால் கடன் சுமை என்பார்கள். உண்மைதான், ஆனால் அது மட்டும் இல்லை. இங்கே விசைப்படகு அனுமதி டோக்கன் வாங்கிக் காலையில் போனால் மறுநாள் காலையில் கரைக்கு வந்துவிடும். மீனை விற்ற உடனே சம்மாட்டியின் (படகுக்காரரின்) பங்கு, டிரைவர் பங்கு, ஆள் பங்கு பிரியும், அந்தக் காசில்தான் அடுத்த இரண்டு மூன்று நாள் வீடு ஓடும். மீனை வாங்குகிற கம்பெனிக்காரர் ஏற்கெனவே முன்பணம் கொடுத்தவர், அவருக்கு வேண்டியது இறாலும் நண்டும் கணவாயும். ஆழ்கடல் தூண்டிலுக்குப் போனால் வாரக்கணக்கில் கடலிலேயே தங்கல், கரை திரும்பும் வரை வீட்டுக்குக் காசு கிடையாது, சூரையைப் பிடித்த உடனே ரத்தம் வடித்து ஐஸில் வைக்காவிட்டால் விலை பாதியாக விழும், வாங்குகிறவரும் வேறு ஆள், அப்போது பழைய முன்பணத்துக்கு யார் பதில் சொல்வது? படகுக்கு மானியம் ஒதுக்கியவர்கள், முதல் சில பயணங்கள் முடியும் வரை அந்த ஆட்களின் வீடு எப்படி ஓடும் என்பதற்கும் ஒரு ஏற்பாடு செய்திருக்க வேண்டும். நிறுவனக் கலாச்சாரம் என்று பெரிய கம்பெனிகளில் வகுப்பு எடுக்கிறார்களே, நம் கரையில் அது இந்தப் பங்கும் முன்பணமும் தங்கலும்தான். அதில் கை வைக்காமல் படகை மட்டும் மாற்றினால், புதுப் படகையும் பழைய வழக்கம்தான் ஓட்டும்.

இதே ராமேஸ்வரத்தில் ஒரு திட்டம் பல வருடமாக நிலைத்து நிற்கிறது. வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, மீதி நாலு நாள் நாட்டுப்படகு. இரண்டு தரப்பும் மோதி, பேசி, வந்து சேர்ந்த ஏற்பாடு அது. மீறல் இல்லாமல் இல்லை, ஆனால் மீறினால் அது மீறல் என்று கரையில் எல்லோருக்கும் தெரியும், கேட்பதற்கு ஆள் இருக்கிறது. இந்தத் தெளிவில் பாதி நம் கம்பெனிகளுக்கு இருந்தால் போதும் என்று நினைக்கிறேன்.

அப்புறம் கடல்பாசி. பெப்சி பாசி என்று நம் ஊரில் சொல்கிற கப்பாபைகஸ் வளர்ப்பில் ஆரம்பத்திலேயே அழகான கணக்கு ஒன்று போட்டிருந்தார்கள். பாசி விளைய 45 நாள், அதனால் ஒருவருக்கு 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவை 45. தினம் ஒரு மிதவையை அறுக்கலாம், தினம் ஒன்றில் புது விதை கட்டலாம், தினம் வேலை, தினம் வருமானம். புயலும் நோயும் அந்தக் கணக்கைக் குலைத்த வருடங்கள் உண்டு, அது வேறு விஷயம். ஆனால் திட்டமும் அன்றாடமும் ஒன்றாகவே பின்னியிருந்ததால், படிக்காத அக்காமார்களுக்கும் அது மனப்பாடம், யாரும் வகுப்பு எடுக்கவில்லை.

அதே பாசியை வாங்கி விற்கிற ஒரு கம்பெனி, பெயர் வேண்டாம், இந்த வருடம் தரம்தான் எங்கள் வழி என்று தீர்மானம் போட்டது. மணல் இல்லாமல், நன்றாகக் காய்ந்த பாசி, அதற்கு வெளிச்சந்தையில் கூடுதல் விலை. நல்ல யோசனை. ஆனால் எடைபோடும் இடத்தில் என்ன நடந்தது? எல்லாப் பாசிக்கும் கிலோவுக்கு ஒரே விலை. வலை விரித்து, உலர்த்தி, மணலை உதறிக் கொண்டுவந்த பெண்ணுக்கு எடை குறைந்தது. மணலிலேயே காயப்போட்டு அள்ளி வந்தவருக்கு எடை கூடியது. இரண்டே மாதத்தில் உதறுவதை எல்லோரும் விட்டுவிட்டார்கள். உறுப்பினர்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று குழுக் கூட்டத்தில் பேசினார்கள், எனக்குக் கோபம் வந்துவிட்டது. கம்பெனி எதற்குக் காசு கொடுக்கிறதோ அதை அந்தப் பெண்கள் மிகச் சரியாகப் புரிந்துகொண்டார்கள். போதாததற்கு இயக்குநரின் சொந்தக்காரர் கொண்டுவந்த மணல் மூட்டையைத் திருப்பி அனுப்ப எடைபோடும் பெண்ணுக்குத் தைரியம் வரவில்லை, வரவும் முடியாது, ஏனென்றால் அவளுக்குப் பின்னால் நிற்க ஒருவரும் இல்லை.

1946-ல் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் தொடங்கிய பால் கூட்டுறவு, பின்னால் அமுல் ஆனது, அது வளர்ந்த விதத்தில் எனக்குப் பிடித்த இடம் கிராமத்துச் சங்கத்தின் வாசல்தான். காலையும் மாலையும் பால் வாங்குவார்கள், கொழுப்பைச் சோதிப்பார்கள், அதை வைத்துத்தான் விலை. பெரிய வீட்டுப் பாலாக இருந்தாலும் அதே சோதனை. அவர்களின் வியாபார வியூகம் முழுக்க அந்த வாசலில் தினம் இரண்டு தடவை எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது.

சட்டப்படி உற்பத்தியாளர் கம்பெனியில் பங்கு எத்தனை இருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டுதான். நடைமுறையில் கூட்டத்தில் நாலு பேர் நாற்காலியில், மீதிப் பெண்கள் பாயில், தீர்மானம் வாசித்து முடித்ததும் கையெழுத்து. இப்படி நிறைவேறிய திட்டத்தை யார் தன்னுடையது என்று நினைப்பார்கள்?

நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது என்பதற்காக மார்ச்சில் அவசர அவசரமாகத் திட்டம் எழுதுவதையும் நிறுத்த வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில், ஆட்கள் ஊரில், பேசுவதற்கு நேரம் இருக்கிறது. உட்கார்ந்து யாருக்கு என்ன விலை, எந்த மூட்டை திரும்பிப் போகும், திருப்பி அனுப்பும் அதிகாரம் யாருக்கு என்று பெயர் போட்டு எழுதுங்கள். அதை எடைபோடும் இடத்துச் சுவரில் ஒட்டுங்கள். மாதம் ஒருமுறை அந்தச் சுவருக்கு முன்னால் கூடுங்கள்.

தேவிபட்டினம், தொண்டி பக்கம் எந்தக் குழுவாவது வரும் தடைக்காலத்தில் இப்படி உட்கார நினைத்தால் எனக்கு எழுதுங்கள், வருகிறேன். போன வருடத்து எடைச்சீட்டுகளை மட்டும் எடுத்து வையுங்கள், எடைபோடுகிற பெண்ணையும் கூட்டத்துக்குக் கட்டாயம் கூப்பிடுங்கள்.