பூட்டிய ஹாலின் வாசலில்

ஞாயிற்றுக்கிழமை எங்கள் குடியிருப்பில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். சாவைப் பற்றிப் பேச நாங்கள் கூட்டிய கூட்டத்தைச் "சாவு பார்ட்டி" என்று கேலி செய்யும் அந்த வாய்ஸ் மெசேஜ் இந்நேரம் பாதி மதுரையைச் சுற்றி வந்திருக்கும். மூன்று நாள் வாய் திறக்காமல்தான் இருந்தேன். நேற்று ராத்திரி குடும்பக் குரூப்பிலும் அது வந்திருந்தது. அதற்குக் கீழே என் சொந்தத் தம்பி சிரிப்பு முகம் போட்டிருந்தான். இனிமேல் பேசாமல் இருக்க முடியாது.

நாங்கள் நடத்த இருந்தது "சாவு பார்ட்டி" இல்லை. பத்துப் பதினைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டு, சாவைப் பற்றி மனதில் இருப்பதைப் பேசுவது, அவ்வளவுதான். பேச்சாளர் கிடையாது, மைக் கிடையாது, தீர்மானம் கிடையாது. யாரையும் எதையும் வாங்கச் சொல்வதில்லை, எதிலும் சேரச் சொல்வதில்லை. பேசப் பிடிக்காதவர் கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கலாம். குடியிருப்புச் சங்கச் செயலாளரிடம் முறையாகச் சொல்லி, ஹால் வாடகையும் கட்டியாகிவிட்டது. மாலை நாலு மணிக்குப் போனால் பூட்டு தொங்குகிறது. போனை எடுத்த செயலாளர், "மேடம், கர்ப்பிணிப் பெண்கள் இருக்கிற பிளாக்கு, அபசகுனமா இருக்கும்னு சொல்றாங்க" என்றார். யார் சொல்கிறார்கள் என்று கேட்டேன். சொல்லவில்லை.

இதே ஹாலில் போன மாதம்தான் ஒரு கருமாதி விருந்து நடந்தது. வடை பாயசத்தோடு எல்லோரும் சாப்பிட்டோம். யாருக்கும் அபசகுனமாகப் படவில்லை. அதற்கு முந்தைய மாதம் இன்சூரன்ஸ்காரர்கள் வந்து, "நாளைக்கே உங்களுக்கு ஒன்று ஆகிவிட்டால் பிள்ளைகள் கதி என்ன" என்று திரை கட்டிப் படம் காட்டினார்கள். செயலாளர் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தார். சாவை வைத்து பாலிசி விற்கலாம், சாவுக்குப் பிறகு இலை போடலாம். சாகப் போகிறவர்கள் உட்கார்ந்து அதைப் பற்றிப் பேச மட்டும் ஹால் கிடையாது. இது எந்த ஊர் நியாயம், சார்?

சாவைப் பற்றிப் பேசாத சமூகம் என்று நம்மை யாரும் சொல்ல முடியாது. ஒருவர் கண்ணை மூடினால் நாம் அடங்குவதே இல்லை. பறை, சங்கு, ஒப்பாரி, நீர்மாலை, கோடி, வாய்க்கரிசி, நெய்ப்பந்தம், மூன்றாம் நாள் பால், பதினாறாம் நாள் காரியம் என்று ஒவ்வொன்றுக்கும் முறை இருக்கிறது, உரிமை இருக்கிறது, தவறினால் சண்டை இருக்கிறது. தெருமுனை வரைக்கும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டுகிறோம். ஒப்பாரியில் எங்கள் ஊர்ப் பெண்கள் கேட்காத கேள்வி இல்லை. "என்னைய விட்டுப் போக எப்படி மனசு வந்துச்சு, ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக்கூடாதா" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு கேட்பார்கள். இவ்வளவையும் அவர் காதில் விழாத நேரம் பார்த்துத்தான் பேசுகிறோம். அதை அவர் உயிரோடு இருக்கும்போது கேட்போம் என்கிறேன். நான் சொல்வது இது ஒன்றுதான்.

என் அப்பாவை நான் கேட்கவில்லை.

ஒட்டன்சத்திரம் பக்கம் எங்கள் தோட்டம். 81 வயது வரைக்கும் தண்ணீர் பாய்ச்சப் போனவர். பீடியால் நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. 2019-இல் ஒரு ராத்திரி மூச்சு முட்டி, ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். பெயர் வேண்டாம். ஆம்புலன்சில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு என்னம்மா ஆச்சு, நேரம் வந்துருச்சா?" என்று கேட்டார். "சளிதாம்ப்பா, ரெண்டு நாள்ல வீட்டுக்குப் போயிரலாம்" என்றேன். மனிதர் வழி திறந்து கொடுத்தார். நான் கதவைச் சாத்தினேன். ஞாயிற்றுக்கிழமை பூட்டைப் பார்த்ததும் எனக்குச் செயலாளர் மேல் வந்ததைவிட என் மேல்தான் ஆத்திரம் வந்தது.

மறுநாள் காலையில் வென்டிலேட்டர் வைக்க வேண்டும் என்று ஒரு தாளை நீட்டினார்கள். தம்பி கையெழுத்துப் போட்டான். 17 நாள். தொண்டையில் குழாய் இருந்ததால் பேச முடியாது. குழாயைப் பிடுங்கிவிடுவார் என்று இரண்டு கையையும் துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் பார்க்க விடுவார்கள். நான் போகும்போதெல்லாம் அவர் என் முகத்தைப் பார்க்க மாட்டார், அந்த முடிச்சையே பார்ப்பார். 54 வருடம் என் அப்பாவாக இருந்த மனிதர் என்னிடம் கேட்ட கடைசி உதவி அந்த முடிச்சை அவிழ்ப்பது. நர்சம்மா திட்டுவார்கள் என்று பயந்து நான் அதைச் செய்யவில்லை.

பதினெட்டாம் நாள் விடியற்காலையில் போய்விட்டார். உடலை ஊருக்குக் கொண்டுபோனதும் தோட்டத்தில் புதைப்பதா, திண்டுக்கல்லில் எரிப்பதா என்று பங்காளிகளுக்குள் வாக்குவாதம். தோட்டத்தில் சமாதி இருந்தால் பின்னால் விற்க முடியாது என்று ஒரு தரப்பு. கடைசியில் எரித்தோம்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு அப்பாவுக்கு முப்பது வருடமாக முடிவெட்டிய அண்ணன் வந்திருந்தார். சாப்பிட்டுவிட்டுப் போகும்போது சாதாரணமாகச் சொன்னார்: "பெரியவரு ரெண்டு வருசமாவே சொல்லிக்கிட்டிருந்தாரும்மா. ஆஸ்பத்திரியில குழாய் கிழாய் மாட்டக்கூடாது, கிணத்தடி தென்னைக்குப் பக்கத்துல போட்டுறணும்னு. உங்ககிட்ட சொல்லலீங்களா?"

சொல்லவில்லை. சவரத்துக்கு உட்கார்ந்த அரை மணி நேரத்தில் முகத்தில் நுரையோடு அவரிடம் சொல்லியிருக்கிறார். மூன்று பிள்ளை பெற்றவருக்கு வீட்டில் கிடைக்காத இடம் அந்த நாற்காலியில் கிடைத்திருக்கிறது. அந்த அண்ணன் "அப்படியெல்லாம் பேசாதீங்க, நூறு வயசு இருப்பீங்க" என்று வாயை அடைக்காமல் கேட்டிருக்கிறார். நான் இந்தக் கூட்டம் நடத்த நினைத்தது அந்த நாற்காலிக்காகத்தான். வேறு ஒரு காரணமும் இல்லை.

"இது வெள்ளைக்காரன் பழக்கம்" என்று ஒருவர் கமென்ட்டில் எழுதியிருக்கிறார். பெயரும் வடிவமும் அங்கிருந்து வந்ததுதான், மறைக்கவில்லை. சுவிட்சர்லாந்தில் பெர்னார்ட் க்ரெட்டாஸ் என்ற சமூகவியலாளர் 2004-இல் நியூஷாடெல் நகரில் முதல் கூட்டத்தைக் கூட்டினார். அதைப் படித்த ஜான் அண்டர்வுட் 2011 செப்டம்பரில் லண்டன் ஹாக்னியில் தன் வீட்டிலேயே நடத்தினார். மனநல ஆலோசகரான அவருடைய அம்மாதான் கூட இருந்து உதவினார். "டெத் கஃபே" என்ற பெயரோடு அங்கிருந்து பல நாடுகளுக்குப் பரவியது. லாபம் பார்க்கக்கூடாது, எந்த முடிவுக்கும் யாரையும் தள்ளக்கூடாது, தின்னக் குடிக்க ஏதாவது இருக்க வேண்டும் என்பது அவர்கள் வைத்த விதி. கேக்குக்குப் பதில் நாங்கள் முறுக்கு வைத்தோம். பெயர் பிடிக்கவில்லையென்றால் திண்ணைப் பேச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

அந்த வாய்ஸ் மெசேஜில் ஒரு வரி இருக்கிறது, என்னை மிகவும் புண்படுத்திய வரி. "அதை ஆரம்பிச்சவனே 44 வயசுல செத்துட்டான், பேசினா இப்படித்தான் ஆகும்." ஆமாம், அண்டர்வுட் 2017-இல் 44 வயதில் இறந்தார். உடலில் ரத்தப் புற்றுநோய் இருந்தது அதுவரை யாருக்கும் தெரியாது, மூளையில் ரத்தம் கசிந்து திடீரென்று போய்விட்டார். சின்னக் குழந்தைகளை விட்டுப்போன ஒரு மனிதரின் சாவை ஆதாரமாகக் காட்டிச் சிரிக்கிறீர்கள். க்ரெட்டாஸும் வருடக்கணக்கில் சாவைத்தான் பேசினார். அவர் எண்பதைத் தாண்டி வாழ்ந்தார். இதிலிருந்து என்ன முடிவுக்கு வருவீர்கள்? என் அப்பாவிடம் நாங்கள் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லையே, அவர் சாகாமல் இருந்தாரா?

வெள்ளைக்காரனை விடுங்கள், பக்கத்துக் கேரளாவைப் பாருங்கள். 1993-இல் கோழிக்கோட்டில் சில மருத்துவர்கள் வலி தணிப்புக்கென்று ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். பிறகு அக்கம்பக்கத்து ஆட்களே பயிற்சி எடுத்துக்கொண்டு, படுத்த படுக்கையாக இருப்பவர்களின் வீட்டுக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தார்கள். 2008-இல் அரசே அதைக் கொள்கையாக ஏற்றுக்கொண்டது. நம் மாநிலத்திலும் 2021-இல் வந்த மக்களைத் தேடி மருத்துவத்தில் குணமாக்க முடியாத நோயின் வலியைத் தணிக்க வீட்டுக்கே வந்து தரும் நோய் ஆதரவுச் சிகிச்சை இருக்கிறது. எத்தனை வீட்டில் அதைக் கேட்டு வாங்குகிறோம்? கேட்பதென்றால் "இவருக்கு இனிக் குணமாகாது" என்று முதலில் வாயால் சொல்ல வேண்டும். அங்கேதான் நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

சட்டமும் இருக்கிறது. தீராத நோயில் மீள வழியில்லாத கட்டத்தில் தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கலாம் என்று 2018 மார்ச் 9-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. முதலில் மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டும் என்று இருந்தது. 2023-இல் அதைத் தளர்த்தி, இரண்டு சாட்சிகளோடு நோட்டரியோ கெஜட்டட் அதிகாரியோ கையெழுத்திட்டால் போதும் என்று ஆக்கினார்கள். ஊசி போட்டுக் கொல்வதற்கான அனுமதி அல்ல அது, தயவுசெய்து குழப்பாதீர்கள். அதற்குப் பிறகும் மருத்துவர் குழுக்கள் பார்த்துத்தான் முடிவெடுக்கும். ஆனால் எழுதுவதற்கு முன்னால் வீட்டில் பேச வேண்டுமே. பேசாமல் எழுதி பீரோவில் வைத்த தாள் ராத்திரி இரண்டு மணிக்கு எமர்ஜென்சி வாசலில் யாருக்கு உதவும்?

"வயசானவங்களைச் சீக்கிரம் அனுப்பப் பாக்கிறீங்க, இது நவீன தலைக்கூத்தல்" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். அந்த வார்த்தையைப் பார்த்து உடம்பு நடுங்கியது. ஆனாலும் கேட்க வேண்டிய கேள்விதான். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து முதியவர்களை முடித்துவிடும் தலைக்கூத்தல் என்ற கொடுமை நம் தென் மாவட்டங்களில் இருந்தது உண்மை. 2010-இல் விருதுநகர் பக்கம் 80 வயதுப் பெரியவர் ஒருவர், வீட்டார் தன் நிலத்தைப் பங்கு போடப் பேசிக்கொண்டது காதில் விழுந்து தப்பி ஓடினார் என்று செய்தி வந்தது. தம்பி, அந்த வீட்டிலும் பேசினார்கள். அவரைப் பற்றிப் பேசினார்கள், அவரிடம் பேசவில்லை. வட்டத்தில் அவரும் உட்கார்ந்து, "எனக்கு இன்னும் பத்து வருசம் இருக்கணும்டா" என்று எல்லோர் முன்னாலும் சொல்ல இடம் இருந்திருந்தால் யார் அவர் தலையில் எண்ணெய் வைத்திருப்பார்கள்? எங்கள் கூட்டத்தில் "எனக்கு எல்லாச் சிகிச்சையும் வேண்டும், கடைசி வரைக்கும் போராடுங்கள்" என்று ஒருவர் சொன்னால் அதுவும் பேச்சுத்தான்.

சமீபத்தில் பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், மனச்சோர்வில் இருப்பவர்கள் இதைத் தாங்குவார்களா என்று ஒரு டாக்டர் தோழி கேட்டாள். நியாயம்தான். இது சிகிச்சை அல்ல, அவர்களுக்கு வேறு துணை வேண்டும். அதை முதலிலேயே சொல்லிவிடுவோம்.

அபசகுனத்துக்கு வருகிறேன். எங்கள் பி பிளாக்கில் 78 வயது அம்மா ஒருவர் இருக்கிறார். பிள்ளைகள் வெளிநாட்டில். ஞாயிற்றுக்கிழமை முதலில் வந்து நின்றது அவர்தான். பட்டுக்கரை போட்ட சேலை, கையில் எவர்சில்வர் டப்பா நிறைய முறுக்கு. பூட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "நான் இதுக்காகவே நேத்து மாவு அரைச்சேம்மா" என்றார். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, சார், நீங்கள் சகுனத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

நாங்கள் கலையவில்லை. ஹால் படிக்கட்டிலேயே உட்கார்ந்தோம், 11 பேர். என்ன பேசினோம் என்று சொல்ல மாட்டேன், அங்கே பேசியது அங்கேயே இருக்கும் என்று பேசி வைத்திருக்கிறோம். அந்த அம்மா சொன்ன ஒன்றை மட்டும் அவர் அனுமதியோடு எழுதுகிறேன். "எம்மவன் போன் பண்றப்போ நான் போறதப் பத்தி ஆரம்பிச்சா, மழை பெய்யுதாம்மான்னு கேக்கறான். நாலு வருசமா மதுரையில மழை பெய்யுதான்னே பேசிக்கிட்டிருக்கோம்." அழாமல்தான் சொன்னார். அழுதது நாங்கள்.

இப்போது என் தம்பிக்கு. நீ இதைப் படிப்பாய் என்று தெரியும்.

அந்தத் தாளில் நீ கையெழுத்துப் போட்டதற்கு உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. இத்தனை வருடமாக உன்னிடம் சொல்லாமல் விட்டது என் தப்பு. நீ போடாவிட்டால் நான் போட்டிருப்பேன். "பணத்துக்குப் பார்த்து அப்பனைச் சாகவிட்டான்" என்று ஊர் சொல்லும் என்று நீ பயந்தாய். அதே பயம் எனக்கும் இருந்தது. முடிவெட்டும் அண்ணன் சொன்னதை உன்னிடம் நான் இதுவரை சொல்லவில்லை. தாங்க மாட்டாய் என்று நினைத்தேன். இப்போது எல்லோருக்கும் முன்னால் எழுதிவிட்டேன், மன்னித்துக்கொள். அந்தச் சிரிப்பு முகத்தைப் பார்த்தபோது எனக்கு அழுகைதான் வந்தது. நீயும் அந்தக் கையெழுத்தை நினைத்துத் தூங்காமல் இருக்கிறாய் என்று உன் மனைவி ஒருமுறை சொன்னாள்.

வரும் ஞாயிறு மாலை நாலரை மணிக்கு என் வீட்டு மொட்டை மாடியில் உட்காருகிறோம். அதற்கு யார் அனுமதியும் வேண்டாம். பி பிளாக் அம்மா மறுபடி மாவு அரைக்கிறேன் என்கிறார். லிஃப்ட் நாலாவது மாடியோடு நின்றுவிடும், அங்கிருந்து படி ஏற வேண்டும். தம்பி, நீ ஒட்டன்சத்திரத்திலிருந்து ரெண்டு மணி பஸ் பிடித்தால் நேரத்துக்கு வந்துவிடலாம். வரும்போது கிணத்தடித் தென்னையிலிருந்து நாலு காய் பறித்துக்கொண்டு வா.