காதில் ஒரு ஓட்டை

மாடு வந்து இறங்கிய அன்று காலை, ஆனேக்கல் பக்கம் எங்கள் தோட்டத்தில் பிக்கப் வண்டியின் பின்கதவைத் திறந்ததும் நான் முதலில் பார்த்தது அதன் இடது காதைத்தான். நடுவில் சின்னதாக ஒரு ஓட்டை. அங்கிருந்து காது ஓரம் வரை கிழிந்து ஆறிய தழும்பு. கட்டை விரலால் தடவினால் தடிப்பாக இருந்தது. மாட்டின் அடையாள எண் இருக்கும் மஞ்சள் வில்லை மாட்டியிருந்த இடம் அது. யாரோ அறுத்து எடுத்திருக்கிறார்கள்.

மூன்று நாளுக்கு முன்பு ராமமூர்த்தி நகர் வீட்டில் உட்கார்ந்து இதே மாட்டைப் போனில் கால் மணி நேரம் பார்த்திருக்கிறேன். ஞாயிறு ராத்திரி நேரலை ஏலம். "சுத்தமான காங்கேயம் கிடாரி, ரெண்டு பல்லு, நாலு மாசச் சினை, சுழி சுத்தம்" என்று ஒருவர் சொல்லிக்கொண்டே இருக்க, கீழே 80, 85, 90 என்று எண்கள் ஓடின. அந்தக் கால் மணி நேரமும் மாட்டின் வலது பக்கத்தை மட்டுமே காட்டினார்கள். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. "இன்னும் பத்து செகண்ட்" என்று குரல் ஏறியதும் 1,12,000 போட்டேன். மாடு என் பேருக்கு விழுந்தது. வண்டி வாடகை தனியாக 14,000.

நத்தக்காடையூரிலிருந்து சித்தப்பா வந்திருந்தார். மாட்டைச் சுற்றி ஒரு நடை வந்துவிட்டு, "வாயைப் பொளந்து பாத்தியா கண்ணு?" என்று கேட்டார். எங்கே பார்ப்பது? அவரே மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக் கீழுதட்டை விலக்கிக் காட்டினார். ஆறு பல். இரண்டு பல் என்றால் வயது இரண்டரை, மூன்று. ஆறு பல் என்றால் நாலு வயதை ஒட்டியாவது இருக்கும். மறுநாள் கால்நடை மருத்துவர் நீளக் கையுறை போட்டு உள்ளே கைவிட்டுப் பார்த்தார். சினை இல்லை. இத்தனை வயதில் சினை நிற்காத மாட்டை ஏன் விற்கிறார்கள் என்பதற்கு விளக்கம் தேவையில்லை. விற்றவரைக் கூப்பிட்டால் என் எண்ணை முடக்கிவிட்டிருந்தார்.

அவர் பெயரை இங்கே போடப் போவதில்லை. அவர் ஒருவரைத் திட்டித் தீர்ப்பதற்காக இதை எழுதவில்லை. பெங்களூரில் வேலை, ஓசூர், தேன்கனிக்கோட்டை, கனகபுரா பக்கம் ஒன்றிரண்டு ஏக்கர், அதில் நாட்டு மாடு கட்ட வேண்டும் என்ற ஆசை. நம் ஆட்களில் இப்படி நிறையப் பேரை எனக்குத் தெரியும். அது நல்ல ஆசை. என் அப்பாவின் தொழுவத்தில் கடைசிக் காங்கேயம் மாடு விற்றுப்போன நாள் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கயிற்றை மட்டும் அவிழ்த்து வைத்துக்கொண்டார். அதை ஈடுகட்டத்தான் நானும் போனைத் திறந்தேன்.

போனில் மாடு விற்பதே தப்பு என்று சித்தப்பா சொல்வார். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் 1987 முதல் சுப்பீரியர் லைவ்ஸ்டாக் ஆக்‌ஷன் என்ற நிறுவனம் செயற்கைக்கோள் வழியாக டிவியில் மாடு ஏலம் விடுகிறது. வாங்குபவர் ஆயிரம் மைல் தள்ளி உட்கார்ந்து பார்க்கிறார். ஆனால் நிறுவனத்தின் ஆள் பண்ணைக்கே நேரில் போய்ப் படம் எடுத்து, விவரம் எழுதி வாங்கி வருகிறார். சொன்ன எடைக்கும் ஒப்படைக்கிற அன்று தராசில் ஏறும் எடைக்கும் வித்தியாசம் வந்தால் விலை எப்படி மாறும் என்பது ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. ஆஸ்திரேலியாவிலும் இப்படித்தான். பயிற்சி பெற்ற மதிப்பீட்டாளர் மாட்டை நேரில் பார்த்து எழுதிக் கொடுத்த பிறகுதான் அது ஆன்லைன் ஏலத்துக்கே வரும்.

இவை பெரும்பாலும் கறிக்குப் போகிற மாடுகள். தூய இனம் என்றால் இன்னும் கறார். ஆங்கஸ் என்ற கறி மாட்டு இனத்துக்கு அமெரிக்காவில் 1883 முதல் சங்கம் இருக்கிறது. தாய், தகப்பன், பாட்டன் என்று வம்சாவளி பதிவாகியிருக்கும். இந்தக் காளையின் கன்றுகள் எப்படி வரும் என்று கணக்கிட்ட எண்களும் கூடவே வரும். ஏலத்துக்கு முன் காளையின் விந்தைச் சோதித்து, விதைப்பையின் சுற்றளவை அளந்து மருத்துவர் சான்று தருகிறார். திரையில் மாடு அழகாக நடந்து வருவது கடைசி விஷயம்.

பிரேசில் கதை நமக்கு இன்னும் நெருக்கம். அங்கே மாட்டு ஏலத்துக்கென்றே டிவி சேனல்கள் இருக்கின்றன. ஏலத்தில் கூவுவது ஒரு தவணைக்கான தொகை, அதைத் தவணைகளின் எண்ணிக்கையால் பெருக்கினால்தான் முழு விலை. அங்கே அதிகம் விற்கிற இனத்தின் பெயர் நெலோர். நம் நெல்லூர்தான், நம் ஓங்கோல் மாடுதான். வியாட்டினா-19 என்ற நெலோர் பசுவின் மூன்றில் ஒரு பங்கு மட்டும் 2023-ல் கிட்டத்தட்ட 70 லட்சம் ரியாலுக்குப் போனது. முழு மாட்டுக்குக் கணக்குப் போட்டால் 40 லட்சம் டாலருக்கு மேல். உலகத்தில் அதிக விலை போன மாடு என்று கின்னஸில் ஏறியது. நம் கிர் மாடும் அப்படித்தான் அங்கே போனது. பாவ்நகர் மகாராஜாவின் தொழுவத்திலிருந்து போன கிருஷ்ணா என்ற காளையின் பெயரை இன்றும் அங்கே வம்சாவளிப் பட்டியலில் தேடிப் பார்க்கிறார்கள். இதைப் படித்தபோது எனக்குப் பெருமையும் வந்தது, வயிறும் எரிந்தது. மாடு இங்கிருந்துதான் போனது. அதற்கு வம்சாவளி ஏடு போட்டவர்கள் அவர்கள்.

நாம் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது திரையையும் கூவலையும் மட்டும்தான். அதற்குப் பின்னால் இருக்கிற ஏட்டை விட்டுவிட்டோம். என் வருத்தம் முழுக்க அதில்தான்.

ஏடு போடத் தெரியாத நாடா இது? இதே பெங்களூரில் ஹெசரகட்டாவில் மத்திய அரசின் உறைவிந்து நிலையம் இருக்கிறது. சினை ஊசி போட வருகிறவரிடம் விந்து அடைத்த அந்தக் குச்சியை வாங்கிப் பாருங்கள். நூலை விடக் கொஞ்சம்தான் தடிமன். அதன் மேல் காளையின் எண், இனம், எந்த நிலையம், எந்தத் தேதியில் உறைய வைத்தது எல்லாம் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். மானிய விலையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிற குச்சிக்கு ஊர், பேர், தகப்பன் இருக்கிறது. நான் லட்சத்துக்கு மேல் கொடுத்த மாட்டுக்கு இருந்த ஒரே அடையாளத்தையும் அறுத்து வீசிவிட்டார்கள்.

அந்த மஞ்சள் வில்லையில் 12 இலக்க எண் இருக்கும். பசு ஆதார் என்கிறோம். தடுப்பூசி, சினை ஊசி, ஈத்து என எல்லாவற்றையும் அந்த எண்ணில் ஏற்றி வைக்கத்தான் அது. எல்லா மருத்துவமனையிலும் ஒழுங்காக ஏற்றுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எண்ணே இல்லாத மாட்டிடம் எதைத் தேடுவது? அரசும் 2016-ல் மாடு வாங்க, விற்க இ-பசுஹாட் என்று ஒரு தளம் தொடங்கியது, 2020-ல் இ-கோபாலா செயலி வந்தது. ஏலம் விடுகிறவர்கள் அந்தப் பக்கம் போவதே இல்லை. நாமும் கேட்பதில்லை.

அப்புறம், நாட்டு மாட்டுப் பால் உசத்தி என்று சொல்லி விற்கிற இந்த 'ஏ2 பால்' மோகம். உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024 ஆகஸ்டில் அந்த வாசகத்தையே எடுக்கச் சொன்னது, சில நாளில் உத்தரவைத் திரும்பப் பெற்றது. அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. அந்த வார்த்தையைச் சொன்னால் மாட்டு விலை ஏறுகிறது என்பதை மட்டும் கண்ணால் பார்க்கிறேன்.

போன வாரம் சித்தப்பாவை உட்கார வைத்து இன்னொரு நேரலையைக் காட்டினேன். "பிறந்து இருபது நாள் ஆன சுத்தக் காங்கேயம் மயிலைக் கன்று" என்றார்கள். வெள்ளையாக, அழகாகத்தான் இருந்தது. சித்தப்பா ஒரே வார்த்தையில், "செவலையாவல்ல இருக்கோணும்" என்றார். காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலை, அதாவது சிவப்பு. ஆறு மாதம் போலத்தான் மயிலைக்கு, அதாவது சாம்பல் வெள்ளைக்குத் திரும்பும். கொங்கு நாட்டில் மாடு வைத்திருக்கும் எந்தப் பாட்டிக்கும் தெரிந்த சங்கதி இது. அந்தக் கன்று 38,000-க்குப் போனது. வாங்கியவர் யாரோ, அவர் வீட்டில் ஒரு சித்தப்பா இல்லை.

கறவை மாடு வாங்குவதென்றால் சாயங்காலம் ஒரு வேளை, மறுநாள் காலையில் ஒரு வேளை, நம் கண் முன்னால் முழுசாகக் கறந்து காட்டச் சொல்ல வேண்டும். ஒரு வேளை கறக்காமல் விட்டால் எந்த மடியும் படத்தில் பெருத்துத் தெரியும். ரத்தம் எடுத்து கருச்சிதைவு நோய்க்குச் சோதிக்க வேண்டும், அந்த நோய் மாட்டிடமிருந்து கறப்பவருக்கும் பச்சைப் பால் குடிக்கும் பிள்ளைக்கும் தொற்றும். வீடியோவில் பார்த்தே வாங்குவதானால் காது எண் தெரிய ஒரு படம், இரண்டு பக்கமும் நடக்கவிட்டு ஒரு படம், உதட்டை விலக்கி ஒரு படம் கேளுங்கள். பக்கத்து ஊர் மருத்துவரை அனுப்பிப் பார்க்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள். நேர்மையானவர் சரி என்பார். மற்றவர் "பத்து செகண்ட்" என்பார்.

நேர்மையான வளர்ப்பாளர்களை நினைத்தால்தான் இன்னும் மனசு கனக்கிறது. மூன்று தலைமுறையாகப் பூச்சிக்காளை, அதாவது இனவிருத்திக்கான காளை வைத்து, எந்தப் பசுவுக்கு எந்தக் காளை என்று யோசித்துச் சேர்த்து, விவரத்தை நோட்டில் எழுதி வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கேமரா முன் கூவ மாட்டார்கள். கலப்பு மாட்டைச் 'சுத்தம்' என்று கூவி விற்பவனுக்கு ஒரு லட்சம் கிடைத்தால், அந்த நோட்டை எழுதுகிறவர் எதற்காக எழுத வேண்டும்?

என் மாடு தொழுவத்தில்தான் இருக்கிறது. திருப்பி யார் தலையிலும் கட்டப் போவதில்லை. மருத்துவர் கர்ப்பப்பைக்கு மருந்து கொடுத்திருக்கிறார், தாது உப்பு வைக்கிறேன், இரண்டு சினைப்பருவம் பார்க்கலாம் என்றிருக்கிறார். புதிதாக வில்லை மாட்டச் சொல்லியிருக்கிறேன், இந்த முறை வலது காதில்.

வரும் சனிக்கிழமை ராத்திரி கிளம்புகிறேன். ஞாயிறு காலை பழையகோட்டை மாட்டுத்தாவணி, காங்கேயம் மாடுகளுக்கென்றே கூடுகிற சந்தை. சித்தப்பா அங்கே வந்துவிடுவார். வாங்குவேனா என்று தெரியாது, பார்க்கத்தான் போகிறேன். காரில் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது. கே.ஆர். புரம், சில்க் போர்டு, ஓசூர் வழியில் யாராவது வருவதென்றால் சொல்லுங்கள்.