மாட்டிடம் கேட்டீர்களா?

(மாடுகளுக்கும் ஆடுகளுக்கும் மரக்கொட்டகை ஒன்று கட்ட விரும்பும் சிங்காரம், தாமே வரைந்த படத்தைத் தச்சரின் முன் விரித்து வைக்கிறார்.)

சிங்காரம்: நான்கு பக்கமும் பலகைச் சுவர், ஒரே ஒரு கதவு, சன்னல் என்ற பேச்சே இல்லை. குளிர்காற்று எட்டிக்கூடப் பார்க்க முடியாது. எப்படி இருக்கிறது?

தச்சர்: பணத்தை வைத்துப் பூட்டுவதற்கு மிகவும் ஏற்ற இடம், ஐயா. மாடுகளை எங்கே கட்டப்போகிறீர்கள்?

சிங்காரம்: இதற்குள்ளேதான்.

தச்சர்: மாடு இரவெல்லாம் மூச்சு விடும். அந்த மூச்சின் ஈரமும், சாணமும் சிறுநீரும் சேர்ந்து கிளப்புகிற அம்மோனியாவும் வெளியேற வழியில்லாவிட்டால், குளிருக்குப் பயந்து அடைத்த கொட்டகைக்குள்ளேயே அவற்றின் நுரையீரல் கெட்டுவிடும். சூடான காற்று மேலே எழும் என்பதால், முகடு நெடுகிலும் ஒரு திறப்பும், கூரையின் இறவாணத்தை ஒட்டிச் சுவரின் மேற்பகுதியில் இடைவெளியும் விட்டாக வேண்டும்.

சிங்காரம்: கூரையில் ஓட்டை போட உங்களுக்கு ஒரு கூலி, மழை வந்ததும் அதை அடைக்க இன்னொருவருக்கு ஒரு கூலியா?

தச்சர்: திறப்பின் மேல் மழை மறைப்பாகச் சிறிய மூடுகூரை வரும். நம்பிக்கை இல்லையென்றால், இன்று இரவு படுக்கையறையின் கதவு சன்னல்களை அடைத்துவிட்டு, ஒரே ஒரு மாட்டை உள்ளே கட்டிக்கொண்டு உறங்கிப் பாருங்கள்.

சிங்காரம்: என் மனைவி சம்மதிக்க மாட்டாள்.

தச்சர்: மாடும் சம்மதிக்காது, ஐயா. அதனிடம் யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

சிங்காரம்: சரி, திறப்பு இருக்கட்டும். தூண்களை நேற்று வெட்டிய மரத்திலேயே செய்து, குழி தோண்டி நட்டுவிடலாம். மண்ணில் முளைத்த மரம் மண்ணைக் கண்டு ஏன் அஞ்ச வேண்டும்?

தச்சர்: உயிரோடு இருந்தவரை அஞ்சவில்லை. வெட்டிய பிறகு, தரைமட்டத்தை ஒட்டிய அந்த ஒரு சாண் உயரத்தில் ஈரமும் காற்றும் ஒன்றாகக் கிடைப்பதால், தூண் அங்கேதான் முதலில் இற்றுப்போகும். கரையானுக்கும் நாமே வாசல் திறந்து வைத்ததாகிவிடும். கற்காரைப் பீடம் கட்டி, அதில் இரும்புத் தாங்கியைப் பதித்து, வைரம் பாய்ந்த தூணைத் தரையில் படாமல் நிறுத்துவோம். மேலும், பச்சை மரம் காயும்போது நீளத்தில் சுருங்காவிட்டாலும் அகலத்தில் சுருங்கும்; இன்று நெருக்கமாக அடித்த பலகைகளுக்கு நடுவே சில மாதங்களில் விரல் நுழையும்.

சிங்காரம்: அந்த இடுக்குகளிலேயே காற்று வந்து போகுமே! முகட்டுத் திறப்பின் செலவு மிச்சம்.

தச்சர்: (சற்று நேரம் அவரையே பார்த்துவிட்டு) மூலைக்கு மூலை சாய்வுச் சட்டமும் உங்கள் படத்தில் இல்லை.

சிங்காரம்: நேர்க்கோடுகளின் அழகு கெட்டுவிடும் என்று விட்டுவிட்டேன்.

தச்சர்: தூணும் விட்டமும் மட்டும் இருந்தால் அது சதுரம்; பலமாகக் காற்றடித்தாலோ, 400 கிலோ எடையுள்ள மாடு முதுகு அரிக்கிறதென்று தூணில் தேய்த்தாலோ, அது சாய்ந்து படுக்கப் பார்க்கும். குறுக்கே ஒரு சட்டம் வந்தால் முக்கோணமாகிவிடும். முக்கோணம் லேசில் உருமாறாது.

சிங்காரம்: வண்ணமாவது என் விருப்பப்படி அடிக்கலாமா? பழைய வண்ண டப்பாக்கள் பரணில் கிடக்கின்றன.

தச்சர்: பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். சுவரை நக்குவது மாட்டுக்குப் பொழுதுபோக்கு. ஈயமோ அதற்கு நஞ்சு. வண்ணத்தைவிட எனக்கு ஆணிதான் கவலை. மாடு தீவனத்தைப் பொறுக்கித் தின்னாது. நாக்கால் சுழற்றி வாரி, அரைகுறையாக மென்று விழுங்கும். வைக்கோலோடு போன ஆணி இரண்டாவது வயிற்றறையில் தங்கி, அதன் சுவரைத் துளைத்து, முன்னால் இருக்கிற இதயத்தையே குத்திவிடலாம். இதற்காகவே கால்நடை மருத்துவர்கள் சில மாடுகளின் வயிற்றுக்குள் ஒரு காந்தத்தைச் செலுத்தி வைப்பதுண்டு.

சிங்காரம்: வயிற்றில் காந்தத்தோடு மாடு உலவுகிறதா? இரும்பு வாளியோடு பால் கறக்க உட்கார்ந்தால் வாளி போய் ஒட்டிக்கொள்ளாதா?

தச்சர்: ஒட்டாது, ஐயா. வேலை முடிந்ததும் தரை முழுவதும் நானே காந்தத்தை இழுத்து, சிந்திய ஆணிகளைப் பொறுக்கிவிடுகிறேன். ஆடுகளுக்குத் தனியாகச் சட்டப்பலகைப் பரண் போடுவோம். புழுக்கை கீழே விழ வேண்டும், குளம்பு சிக்கக் கூடாது, இடைவெளி அந்த அளவில் இருந்தால் போதும். கதவுக்குத் தாழ்ப்பாள் இரண்டு.

சிங்காரம்: ஆட்டுக்கு எதற்கு இரண்டு தாழ்ப்பாள்? அது என்ன, கன்னம் வைத்துப் பழகியதா?

தச்சர்: உதட்டால் நெம்பியே சாதாரணத் தாழ்ப்பாளைத் திறந்துவிடும். ஆகையால் இரண்டாவதை, ஆடு பின்னங்கால்களில் எழுந்து நின்றாலும் எட்டாத உயரத்தில் வைப்பேன்.

சிங்காரம்: (கதவின் உயரத்தையும் தம் உயரத்தையும் மனத்துக்குள் அளந்து) அந்த உயரம் எனக்கும் எட்டாதே.

தச்சர்: அதனாலென்ன, கதவருகே ஒரு படி செய்து போடுகிறேன்.

சிங்காரம்: படியா? நான் ஏறுவதற்கு முன்பே ஆடு ஏறி நின்றுகொண்டு, இரண்டு தாழ்ப்பாளையும் திறந்துவிடுமே!

தச்சர்: (படத்தைச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு) கொட்டகையைப் பற்றி நீங்கள் பேசிய முதல் சரியான பேச்சு இது. நாளைக் காலையில் மரம் பார்க்கப் புறப்படலாம்.