ஆய்வகத்தை விட்டுப் போனவர்கள்

மூளை ஸ்கேன் ஆய்வகத்தில் வேலை பார்த்துவிட்டு இப்போது வங்கியில் இருக்கிறேன் என்று சொன்னால் நம் ஆட்கள் முகத்தில் ஒரு பரிதாபம் வரும். "ஏன், ரிசர்ச் சரிப்பட்டு வரலையா?" என்பார்கள். சரிப்பட்டுத்தான் வந்தது. ஆய்வுக்கு வந்த நிதி (கிராண்ட்) தீர்ந்தது, ஒப்பந்தம் முடிந்தது, அவ்வளவுதான். எனக்கு அதில் வருத்தமில்லை. என் ஆதங்கம் வேறு. இப்படி வெளியே போகிறவர்களோடு சேர்ந்து என்னென்ன போய்விடுகிறது என்று ஆய்வகம் நடத்துகிறவர்கள் யோசிப்பதே இல்லை.

இங்கே சிங்கப்பூரில் பல்கலைக்கழக மூளை ஆய்வகம் என்றால் பேராசிரியர் ஒருவர், பிஎச்டி முடித்துவிட்டு ஆய்வு செய்யும் போஸ்ட்டாக் சிலர், பிஎச்டி மாணவர்கள், அப்புறம் ஆர்ஏ என்று கூப்பிடப்படும் ஆய்வு உதவியாளர்கள். பேராசிரியரைத் தவிர மற்ற எல்லாரும் வந்து போகிறவர்கள். ஆர்ஏக்களுக்குப் பெரும்பாலும் ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தம். ஊரிலிருந்து வந்தவர் என்றால் வேலை முடிந்த கையோடு இங்கே வேலை செய்ய அனுமதிக்கும் பாஸும் ரத்தாகும். ஒரு மாதத்துக்குள் வேறு வேலை பார்க்க வேண்டும், இல்லையென்றால் பெட்டி கட்ட வேண்டும்.

ஆனால் ஆய்வுகள் அவ்வளவு சீக்கிரம் முடிவதில்லை. 2009இல் இங்கே தொடங்கிய கஸ்டோ (GUSTO) ஆய்வு உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். கேகே மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் கர்ப்பிணிகளைச் சேர்த்தார்கள். சீன, மலாய், இந்தியக் குடும்பங்களில் பிறந்த அந்தப் பிள்ளைகளின் வளர்ச்சியை ஆண்டுக்கணக்காகத் தொடர்ந்து பார்த்தார்கள். பிறந்த சில வாரங்களுக்குள்ளேயே மூளை ஸ்கேன் எடுத்துக்கொண்ட குழந்தைகளும் அதில் உண்டு. அந்தப் பிள்ளைகள் இன்று உயர்நிலைப் பள்ளி வயதில் இருக்கிறார்கள். இந்த மாதிரி நீண்டகால ஆய்வுகளில் குடும்பங்கள் அப்படியே இருக்கும், போன் போட்டுக் கூப்பிடுகிற குரல் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும்.

எங்கள் ஆய்வகத்தில் ஓர் அக்கா இருந்தார். முதியவர்களின் மூளையை ஸ்கேன் செய்யும் வேலை. எம்ஆர்ஐ அறையின் காந்தம் ஸ்விட்சைத் தட்டினால் நிற்கும் காந்தமில்லை, ராத்திரி பகல் எந்நேரமும் இழுத்துக்கொண்டே இருக்கும். ஆராய்ச்சிக்குப் பெரும்பாலும் 3 டெஸ்லா கருவி (டெஸ்லா என்பது காந்தப்புல வலுவின் அளவு); பூமியின் காந்தப்புலத்தைவிடப் பல்லாயிரம் மடங்கு வலு. அதனால் உள்ளே போகுமுன் உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக்கூடாது. நம் பாட்டிமார் வளையலைக் கழற்றுவார்கள், தோட்டைக் கழற்றுவார்கள், தாலி என்று வந்ததும் கை நின்றுவிடும். தங்கத்தைக் காந்தம் இழுக்காது, உண்மைதான். ஆனால் தாலிச் சரட்டில் வரிசையாக மாட்டியிருக்கிற ஊக்குகளை இழுக்கும். தாத்தா உயிரோடு இருக்கும்போது எப்படிம்மா கழற்றுவது என்று கேட்கிற பாட்டியிடம் பாதுகாப்புப் படிவத்தைப் படித்துக் காட்டி என்ன பயன்?

அக்கா மேசை டிராயரில் லிட்டில் இந்தியாவின் தேக்காவில் வாங்கிய மஞ்சள் கயிறும் விரலி மஞ்சளும் வைத்திருப்பார். ஒரு துண்டு மஞ்சளைக் கயிற்றில் முடிந்து முதலில் பாட்டி கழுத்தில் கட்டிக்கொள்ளச் சொல்வார். அதன்பிறகுதான் சரடு கழலும். பாட்டி சிரித்துக்கொண்டே உள்ளே போவார். இது எந்த வழிகாட்டி நெறிமுறையிலும் இல்லை. அக்கா ஒப்பந்தம் முடிந்து போனபோது டிராயரைக் காலி செய்து அடுத்தவருக்குக் கொடுத்தார்கள். அதற்கப்புறம் தமிழ்ப் பாட்டிகள் சிலர் வாசல்வரை வந்து "வேண்டாம்மா, இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்று திரும்பிப் போனார்கள். இந்தியர்கள் ஆய்வுக்கு வருவதில்லை என்று கூட்டத்தில் பேசிக்கொண்டோம்!

கணினிப் பக்கம் இதைவிட மோசம். ஸ்கேனரிலிருந்து வரும் படத்தை அப்படியே ஆராய முடியாது. தலை அசைந்திருக்கும், சமிக்ஞையில் இரைச்சல், அதாவது தேவையில்லாத கலப்படம், இருக்கும். எவ்வளவு அசைந்தால் ஒருவருடைய ஸ்கேனை ஒதுக்குவது, படத்தை எவ்வளவு மென்மையாக்குவது, எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பு என்று ஒவ்வொரு படியிலும் யாரோ ஒருவர் முடிவெடுக்கிறார். 2020இல் நேச்சர் அறிவியல் இதழில் வந்த ஓர் ஆய்வு இதை நன்றாகவே காட்டியது. 108 பேரின் ஒரே தரவை 70 குழுக்களிடம் கொடுத்து, ஒரே 9 கருதுகோள்களைச் சோதிக்கச் சொன்னார்கள். எந்த இரண்டு குழுவும் ஒரே வழியில் போகவில்லை. பல கருதுகோள்களுக்கு விடையும் ஆளுக்கு ஆள் மாறியது. அப்படியிருக்க, அந்த முடிவுகளை எடுத்த ஆள் போய்விட்டால் அடுத்து வருபவர் 'பைனல்_புதுசு_3' என்ற பெயரில் கிடக்கும் கோப்பை வைத்துக்கொண்டு ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

அப்புறம் பெயர் விஷயம். மருத்துவ இதழ்கள் பின்பற்றும் விதிப்படி, கட்டுரையின் இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தந்தவர்தான் ஆசிரியராக இருக்க முடியும். நல்ல விதிதான். ஆனால் வேலையை விட்டதும் பல்கலைக்கழக மின்னஞ்சலை முடக்கிவிடுகிறார்கள். இரண்டு ஆண்டு கழித்துக் கட்டுரை தயாராகும்போது வரைவு அந்தச் செத்த முகவரிக்குப் போகும், பதில் வராது, பெயர் கடைசிப் பத்தியில் நன்றிக்குப் போய்விடும். கேட்டால் விதியைக் காட்டுவார்கள். கணிசமாகப் பங்களித்தவருக்கு வரைவைப் படிக்கவும் ஒப்புதல் தரவும் வாய்ப்புத் தர வேண்டும் என்பதும் அதே விதியில் இருக்கிறது. அதை மட்டும் யாரும் காட்டுவதில்லை.

முன்னாள் உறுப்பினர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் பேராசிரியர்கள் பெருமையாகச் சொல்வது வேறெங்கோ பேராசிரியர் ஆனவர்களைத்தான். துணைப்பாட நிலையத்தில் அறிவியல் சொல்லித் தருபவரையும் வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருப்பவரையும் சொல்ல மாட்டார்கள். நான் வங்கியில் மோசடிப் பரிவர்த்தனைகளைத் தேடுகிறேன். இரைச்சலையும் சமிக்ஞையையும் பிரிக்கிற அதே வேலை, சம்பளம் மட்டும் கூடுதல். இதில் பரிதாபப்பட என்ன இருக்கிறது?

ஆய்வகம் நடத்தும் நண்பர்கள் சிலர் இந்தப் பதிவைப் படிப்பீர்கள் என்று தெரியும். ஒப்பந்தத்தின் கடைசி மாதத்தில் புது ஸ்கேன் எதையும் கொடுக்காதீர்கள். சம்பளம் கொடுத்து உட்கார வைத்து, என்ன செய்தார், ஏன் செய்தார் என்று எழுதச் சொல்லுங்கள். மஞ்சள் கயிறு உட்பட. சொந்த மின்னஞ்சலையும் கைப்பேசி எண்ணையும் வாங்கி வையுங்கள். வரைவு தயாரானதும் ஒரு வாட்ஸ்அப் தட்டினால் போதும், வங்கியில் இருந்தாலும் ராத்திரி உட்கார்ந்து படித்து மறுநாளே பதில் போடுவோம்.