வாரண்டி தாளின் பின்பக்கத்தில் நம்ம ஊர்

கோயம்புத்தூரில் விற்கும் அதே ஏசி, அதே விலை, அதே நீட்டிப்பு வாரண்டிதான் வேதாரண்யத்திலும் விற்கிறது. தாளின் முன்பக்கம் எல்லா ஊருக்கும் ஒன்றுதான். பின்பக்கம் பொடி எழுத்தில் எதற்கெல்லாம் பொறுப்பில்லை என்று போட்டிருப்பதை ஒருமுறை உட்கார்ந்து படியுங்கள்: உப்புக் காற்று, வெள்ளம், கரண்ட் ஏற்ற இறக்கம், எலி, பல்லி, பூச்சி, கடின நீர், ஈரத்தால் வரும் துரு. நாகப்பட்டினம், திருவாரூர் பக்கம் ஒரு பொருள் கெட்டுப்போக இதைவிட்டால் வேறு என்ன காரணம் இருக்கிறது? நம்ம ஊர் வானிலை அறிக்கையை அப்படியே எடுத்து விலக்குப் பட்டியல் என்று அச்சடித்த மாதிரி இருக்கும். காசை முழுசாகக் கொடுத்துவிட்டு கவரை அரைகுறையாக வாங்குகிறோம் என்பதுதான் என் ஆதங்கம்.

ஆர்ஓ மெஷினை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே வரும் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்பின் அளவு, 2000 வரைதான் என்று வீட்டு மெஷின்கள் பலவற்றின் கார்டில் போட்டிருக்கும். கடலோரத்தில் போர் தண்ணீர் அதைத் தாண்டும் தெருக்கள் உண்டு. மாட்டும் அன்று சர்வீஸ்காரர் மீட்டரை முக்கி ஒரு எண்ணை எழுதிக்கொண்டு போவார். அந்த எண்தான் உங்கள் வாரண்டியின் ஜாதகம். ஆற்றிலும் வாய்க்காலிலும் தண்ணீர் ஓடும் மாதங்களில் போரில் உப்பு இறங்கியிருக்கும். மேட்டூர் திறக்கும் ஜூன் 12-க்கு முந்தைய வாரங்களில் அதே போரில் எகிறும். ஐப்பசியில் 1600 காட்டிய போர் வைகாசியில் 2200 காட்டினால், உப்பை வடிகட்டும் மெம்பரேன் போச்சு என்ற புகாருக்கு வருபவர் 2200-ஐ எழுதிவிட்டுக் கிளம்பிவிடுவார். சில நூறு ரூபாய்க்கு டிடிஎஸ் மீட்டர் கிடைக்கிறது. மெஷின் வாங்கும் முன்பே கோடை அளவைப் பாருங்கள். 2000-ஐ நெருங்கினால் அதிக உப்புக்கான மாடலைக் கேளுங்கள், இல்லையென்றால் கூட்டுக் குடிநீர்க் குழாயிலிருந்து இணைப்பு கொடுங்கள்.

ஏஎம்சி என்கிற வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் இரண்டு ரகம். ஒன்று வந்து பார்ப்பதற்கு மட்டும். இன்னொன்றில் பார்ட்ஸ் உண்டு என்பார்கள். அந்தப் பார்ட்ஸ் என்பது பம்ப், அடாப்டர், சோலனாய்டு வால்வு. செடிமென்ட் ஃபில்டர், கார்பன் ஃபில்டர், மெம்பரேன் மூன்றும் ‘தேய்மானப் பொருள்’ என்ற பெயரில் வெளியே நிற்கும். பம்ப் எப்போதாவது போகும். நம்ம தண்ணீருக்கு அடிக்கடி போவது மெம்பரேன்தான். ஆகவே ‘மெம்பரேன் உட்பட, வருடத்துக்கு இத்தனை தடவை’ என்று ரசீதிலேயே எழுதி முத்திரை வாங்காமல் பணத்தை எடுக்காதீர்கள்.

இன்வெர்ட்டர் பேட்டரிக்கு 60 மாதம் வாரண்டி என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். கார்டைத் திறந்தால் 36+24. முதல் 36 மாதம் இலவச மாற்று, அடுத்த 24 மாதம் ப்ரோ ரேட்டா. அதாவது புது பேட்டரி விலையில் தள்ளுபடி. எந்த விலையில்? எம்ஆர்பி-யில். ஒரு கணக்குக்கு எம்ஆர்பி 20,000, கடையில் உண்மையில் விற்பது 15,000 என்று வைத்துக்கொள்வோம். 30 சதவீதத் தள்ளுபடி என்றால் நீங்கள் கட்டுவது 14,000, பழைய பேட்டரியும் அவர்களுக்கே. வாரண்டியை மறந்துவிட்டுக் கடையில் புதிது வாங்கினால் 15,000. பழசைப் போட்டு 2,500 கழித்தால் 12,500. வாரண்டியைப் பயன்படுத்தினால் 1,500 நஷ்டம்! ப்ரோ ரேட்டா காலத்தில் க்ளெய்ம் போடும் முன் இந்தக் கணக்கைப் போட்டே ஆகவேண்டும். இலவச மாற்றில் வரும் பேட்டரிக்கும் புதிதாக 60 மாதம் ஓடாது, பழையதில் மிச்சமிருந்த மாதங்கள்தான்.

க்ளெய்ம் எப்படித் தள்ளுபடி ஆகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வருபவர் ஹைட்ரோமீட்டரால் பேட்டரியின் ஆறு செல்லிலும் அமிலத்தின் அடர்த்தியைப் பார்ப்பார். நன்றாக சார்ஜ் ஏறிய ட்யூபுலர் பேட்டரியில் 1220 முதல் 1240 வரை இருக்கும். ஐந்து செல்லில் 1230, ஒன்றில் மட்டும் 1150 என்றால் அது தயாரிப்புக் கோளாறு, பெரும்பாலும் ஏற்றுக்கொள்வார்கள். ஆறும் ஒன்றுபோல் இறங்கியிருந்தால் சார்ஜ் ஏறாமல் கிடந்து தகட்டில் சல்பேட் படிந்திருக்கிறது என்று ‘பராமரிப்புக் குறை’ எழுதிவிடுவார்கள். கஜா மாதிரி ஒரு புயல் அடித்து வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் போனால் பேட்டரிக்கு நடப்பது இதுதான். காலியான பேட்டரியை அப்படியே போட்டுவைக்காமல், ஜெனரேட்டர் இருக்கும் இடத்தில் கொண்டுபோய் ஒருமுறை முழுசாக ஏற்றி வையுங்கள். இன்னொன்று: ஆர்ஓ தண்ணீர் டிஸ்டில்டு வாட்டர் ஆகாது. அதை ஊற்றினால் தகடும் போகும், வாரண்டியும் போகும்.

ஏசி-க்கு ‘கம்ப்ரசர் 10 வருடம்’ என்பது கம்ப்ரசர் என்ற அந்த ஒரு உருண்டைக்கு மட்டும். கேஸ், கூலி, வண்டி வாடகை பெரும்பாலும் உங்கள் தலையில். வேளாங்கண்ணி, காரைக்கால் பக்கம் கம்ப்ரசர் போவதற்கு ரொம்ப முன்னாலேயே அவுட்டோர் காயில் உப்புக் காற்றில் அரித்து, ஊசித்துளை விழுந்து, கேஸ் இறங்கிவிடும். அதற்கு ‘சுற்றுச்சூழல் காரணம்’ என்று பெயர். சம்பா அறுவடை முடிந்ததும் வயல் எலி வீட்டுப் பக்கம் ஒதுங்கி ஒயரைக் கடிக்கும். பல்லி போர்டு மேல் ஏறி ஷார்ட் ஆகி அங்கேயே கருகிக் கிடக்கும், சாட்சிக்கு. அவுட்டோரில் ஒயர் நுழையும் ஓட்டையைப் பட்டியோ சீலன்ட்டோ வைத்து அடையுங்கள், பத்து நிமிட வேலை. காற்று போகும் கிரில்லை மட்டும் அடைத்துவிடாதீர்கள். ரிப்பேருக்கு வந்தவர் ஜாப் ஷீட்டில் என்ன காரணம் எழுதுகிறார் என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ‘போர்டு பழுது’ என்பதும் ‘பூச்சியால் போர்டு பழுது’ என்பதும் காசில் பல ஆயிரம் வித்தியாசம்.

ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷினுக்கு இவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. வாரண்டி நீட்டிப்பு வாங்குவதென்றால் தயாரிப்பு நிறுவனத்திடமே நேரடியாக வாங்குங்கள், கடையின் சொந்தத் திட்டம் வேண்டாம். அது போதும்.

கரையான் மருந்துக்கு 5 வருடம், 10 வருடம் கியாரண்டி தருகிறார்களே, அதைப் பற்றித்தான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது. கியாரண்டி எதற்கு? கரையான் திரும்ப வந்தால் மறுபடி மருந்தடித்துத் தருவதற்கு. அரித்துப்போன நிலைக்கும் கதவுக்கும் அதில் ஒரு பைசா கிடையாது. வருடாந்திரப் பரிசோதனையை ஒரு தடவை விட்டாலோ, தரையை உடைத்து டைல்ஸ் மாற்றினாலோ, வீட்டைச் சுற்றித் தண்ணீர் நின்றாலோ அதுவும் போச்சு என்று பலர் எழுதுகிறார்கள். ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் நிற்காத கொல்லை டெல்டாவில் எத்தனை?

அதனால் கியாரண்டியை விட வேலை நடக்கும் நாள் முக்கியம். கட்டி முடித்த வீட்டுக்கு இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 6313 சொல்வது இது: சுவரும் தரையும் சேரும் இடத்தில் 12 மில்லிமீட்டர் துளை, 30 சென்டிமீட்டர் இடைவெளியில், ஒரு துளைக்கு 1 லிட்டர் வரை, அல்லது மண் குடிக்காமல் நிறுத்தும் வரை. பத்துக்குப் பன்னிரண்டு அறையின் சுற்றளவு 44 அடி. கதவைக் கழித்தால் அடிக்கு ஒன்றாகச் சுமார் 40 துளை, 40 லிட்டர் வரை. நம்ம களிமண் சீக்கிரம் மறுத்துவிடும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அப்படியிருந்தும் ஒரே ஒரு 20 லிட்டர் கேனோடு வந்து முழு வீட்டையும் மதியத்துக்குள் முடிக்கிறவர் எதை அடித்துவிட்டுப் போகிறார் என்று நீங்களே கணக்குப் போடலாம். இமிடாகுளோபிரிட் 30.5 சதவீத மருந்து என்றால் லிட்டர் தண்ணீருக்கு 2.1 மில்லி. பாட்டில் மூடியை உங்கள் கண்முன் திறக்கச் சொல்லுங்கள், லேபிளைப் படம் எடுங்கள், துளையை எண்ணி ரசீதில் எழுதச் சொல்லுங்கள். துளை டைல்ஸோடும் காங்கிரீட்டோடும் நின்றுவிட்டால் மருந்து மண்ணுக்குப் போகாது, ஒரு நீளக் கம்பியை விட்டுப் பாருங்கள். கிணறும் போரும் பக்கத்தில் இருந்தால் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

இனி ரத்து. ஆயுள், மருத்துவக் காப்பீட்டுப் பாலிசி பிடிக்காவிட்டால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். ஏஎம்சி-க்கும் நீட்டிப்பு வாரண்டிக்கும் அப்படி ஒரு பொதுவான கெடு இல்லை, தாளில் நிறுவனம் எழுதியதுதான் பேச்சு. எனக்கு எரிச்சல் தருவது இதுதான்: நீட்டிப்பு ஓடத் தொடங்குவதே நிறுவன வாரண்டி முடிந்த பிறகு. இன்று கொடுக்கும் காசுக்கு முதல் வருடம் முழுக்க ஒரு வேலையும் கிடையாது. அந்த வருடத்துக்குள் வேண்டாம் என்றால் முழுப் பணமும் வரவேண்டாமா? ஏழு நாளோ பதினைந்து நாளோ தாண்டிவிட்டது என்று கையை விரிக்கிறார்கள், அல்லது நிர்வாகச் செலவு, ஜிஎஸ்டி என்று கழித்துக்கொண்டு மிச்சத்தைக் காட்டுகிறார்கள். ஆர்ஓ ஏஎம்சி-யில் இன்னொரு தந்திரம். பாதி வருடத்தில் ரத்து செய்தால் அதுவரை வந்த விசிட்டையும் மாற்றிய ஃபில்டரையும் வெளிவிலைக்குக் கணக்குப் போடுவார்கள், திருப்ப ஒன்றும் மிஞ்சாது. கையெழுத்துக்கு முன் ‘ரத்தில் விசிட் கட்டணம் எந்த விலையில்?’ என்று வாட்ஸ்அப்பில் கேளுங்கள். நீல டிக் மட்டும் விழுந்து பதில் வராவிட்டால் அதுவும் பதில்தான்.

ஈஎம்ஐ-யில் வாங்கினால் பில்லின் கடைசி வரியைப் பாருங்கள். கேட்காத வாரண்டி அங்கேதான் உட்கார்ந்திருக்கும், கடனோடு சேர்ந்து. கடனை முன்கூட்டியே அடைத்தாலும் அது தானாக ரத்தாகாது. முதல் மாதத்தில் பொருளையே மாற்றித் தந்தார்கள் என்றால் புது சீரியல் எண்ணை வாரண்டியில் ஏற்றச் சொல்லி மெயில் போடுங்கள், இல்லாவிட்டால் இரண்டு வருடம் கழித்து ‘இந்த எண்ணுக்கு வாரண்டி இல்லை’ என்பார்கள். யுபிஐ ஆட்டோபேயில் ஏஎம்சி புதுப்பித்துக்கொண்டே போனால் கஸ்டமர் கேரோடு மல்லுக்கட்ட வேண்டாம், உங்கள் ஆப்பிலேயே அந்த அனுமதியை ரத்து செய்துவிடலாம். பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பு அறிவிப்பு வரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி.

புகார் என்று வந்தால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். ‘டெல்லி நீதிமன்றத்துக்கு உட்பட்டது’ என்று தாளில் போட்டிருப்பதைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். ஒரு நுணுக்கம்: ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று தலைப்பிட்டால் வழக்கு மாநில ஆணையத்துக்குப் போய்விடும், மாவட்டத்துக்கு அந்த அதிகாரம் இல்லை. தஞ்சாவூரிலோ திருவாரூரிலோ முடிக்க நினைத்தால் ‘சேவைக் குறைபாடு’ என்றும் ‘முறையற்ற வணிக நடைமுறை’ என்றும் எழுதுங்கள். பில், கார்டின் இரண்டு பக்கமும், ஜாப் ஷீட், ரத்து கேட்டு அனுப்பிய மெயில் நான்கையும் இணையுங்கள். கடை பில் மங்கும் தாளில் இருந்தால் இன்றே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள். அடுத்த மழைக்காலம் வரை அதில் எழுத்து இருக்காது.